தேநீர்க் கடையும் கணிப்பொறியும்

லண்டன் மாநகரத்து வீதிகளில் வெள்ளையும் பொன்னுமாக எழுதிய பெயர்ப்பலகைகளோடு ஒரு காலத்தில் விளங்கிய லயன்ஸ் தேநீர்க் கடைகளுள் ஒன்றில் நுழைந்து, ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு பன்னும் உண்டுவிட்டு எழுந்து போகும் மனிதரிடமிருந்து அந்த ஸ்தாபனத்துக்குக் கிடைத்த லாபம் ஒரு பென்னியின் சிறு பின்னமே ஆகும். ஆனால் அந்தக் கோப்பையும் அந்தப் பன்னும் அவர் மேஜைக்கு வந்து, அவற்றின் காசு கணக்கில் சேர்வதற்குள், கடையிலிருந்து தலைமைக் காரியாலயத்துக்குப் போன தேவைப்பட்டியல், அடுமனைக்குப் போன உத்தரவு, வண்டியோடு வந்த சரக்குச் சீட்டு, பரிமாறும் பெண் எழுதிக் கொடுத்த பில், அந்தப் பில்லைக் காசோடு ஒத்துப் பார்த்த குமாஸ்தாவின் குறிப்பு என்று ஒரு காகித ஊர்வலமே நடந்து முடிந்திருக்கும். விற்பனை பெரிது, லாபம் சிறிது என்ற இடத்தில் எழுத்து வேலையின் செலவு சற்றே மிகுந்தாலும் அது லாபத்தையே விழுங்கிவிடும். ஒரு தேநீர் வியாபார நிறுவனம், உலகில் வேறெந்த வியாபார நிறுவனமும் செய்யத் துணியாத காலத்தில், தன் கணக்கு வேலைக்கென்று தானே ஒரு மின்னணுக் கணிப்பொறியைக் கட்டிக்கொண்ட ஆச்சரியத்துக்கு மூலகாரணம் இந்தச் சிறு பின்னந்தான்.

ஆயினும் அந்த யந்திரத்தின் பெருமையைப் பாடுவது இக்கட்டுரையின் உத்தேசமன்று. யந்திரம் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஸ்தாபனத்தில் வேரூன்றியிருந்த ஒரு பழக்கத்தை, அதாவது இன்று முறைமைப் பகுப்பாய்வு என்று நாம் அழைக்கும் பரிசீலனையை, அது உண்மையில் என்ன செய்தது என்று நெருங்கிச் சென்று பார்ப்பதே உத்தேசம். யந்திரம் சாதித்ததாகச் சொல்லப்படுவனவற்றுள் பெரும்பகுதி, அது வருமுன்பே காகிதத்தின் மேல் நடந்து முடிந்த சிந்தனையின் பயன் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி தன் முதல் தேநீர்க் கடையை 1894-ஆம் ஆண்டு பிக்காடில்லி வீதியில் திறந்தது. உச்சநிலையில் அத்தகைய கடைகள் ஏறத்தாழ 250 இருந்தன. அவற்றைத் தவிர 'கார்னர் ஹவுஸ்' என்ற பிரம்மாண்டமான உணவுசாலைகளும், ரொட்டி, கேக், ஐஸ்கிரீம், தேயிலை முதலியவற்றைத் தயாரித்துக் கடைக்காரர்களுக்கு விற்கும் வியாபாரமும் அதற்கு உண்டு. ஹாமர்ஸ்மித் பகுதியிலிருந்த காட்பி ஹால் என்னும் வளாகமே அதன் தலைமையிடம். அடுமனைகளும் காரியாலயங்களும் அங்கே அடுத்தடுத்து நின்றன. ஆகவே ஒரு கேக் எங்கே வெந்தது, அதன் கணக்கு எங்கே எழுதப்பட்டது என்ற இரண்டுக்கும் இடையிலிருந்த தூரம் கால்நடையாகவே கடக்கக்கூடிய தூரம். இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கணக்கெழுதுகிறவர், தாம் எழுதும் பொருளைக் கண்ணால் காணக்கூடிய இடத்தில் இருந்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1923-இல் ஜான் ஸிம்மன்ஸ் என்ற இளைஞர் இந்நிறுவனத்தில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்ந்த தகுதி பெற்ற அவர், பேரேடு எழுதுவதற்காக அழைக்கப்பட்டவர் அல்லர். நிர்வாகிகளுக்கு வேண்டிய தகவல் வேண்டிய வேளையில் கிடைக்கிறதா என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் முயற்சியால் 1930களின் தொடக்கத்திலேயே அங்கே 'முறைமை ஆராய்ச்சிக் காரியாலயம்' என்ற தனிப்பிரிவு ஏற்பட்டது. அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் தொழிலாளியின் கையசைவை நிறுத்துக்கடிகாரம் கொண்டு அளக்கும் வழக்கம் பரவியிருந்ததே ஒழிய, காரியாலயத்துக்குள் ஒரு தாள் எதற்காகப் பிறக்கிறது, எங்கே போய் இறக்கிறது என்று கேட்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்துக்கொள்வது மிக அபூர்வம்.

அவர்கள் கேட்ட கேள்விகள் எளிமையானவை. எளிமையாய் இருந்தமையாலேயே பதில் சொல்வதற்குக் கடினமானவை. இந்தச் சீட்டை எழுதுகிறவர் யார்? எதைப் பார்த்து எழுதுகிறார்? இதைப் பிரதி எடுப்பவர் எத்தனை பேர்? கடைசியாக இது எவர் மேஜைக்குப் போகிறது, அவர் இதைப் பார்த்து என்ன தீர்மானம் செய்கிறார்? ஒரு தீர்மானமும் இதனால் நிகழவில்லை என்று தெரிந்தால், அந்தச் சீட்டை விரைவாக எழுதும் உபாயம் தேடுவது வீண்வேலை. அதை எழுதாமலிருப்பதே உபாயம். தீர்மானம் செவ்வாய்க்கிழமை செய்யப்படுகிறது, விவரமோ வியாழக்கிழமை வந்து சேருகிறது என்று தெரிந்தால், விவரம் எவ்வளவு துல்லியமாக இருந்தென்ன? ஒவ்வொரு குமாஸ்தாவும் தம் மேஜையில் நடப்பதைச் சரிவர அறிந்திருப்பார். ஆனால் ஒரு ஸ்தாபனத்தின் குறைகள் மேஜையின் மேல் இருப்பதைவிட இரண்டு மேஜைகளுக்கு நடுவிலேதான் பெரும்பாலும் இருக்கின்றன. ஒருவர் சிரத்தையோடு கூட்டியெழுதும் மொத்தத்தை அடுத்தவர் நம்பாமல் மறுபடியும் கூட்டுகிறார். அடுத்தவர் கூட்டுகிறார் என்பதே முந்தியவருக்குத் தெரியாது. முறைமை ஆராய்ச்சியாளர் அந்த நடுவெளியில் நடப்பவர். குற்றம் பிடிக்க வந்த தணிக்கைக்காரராகத் தம்மைப் பிறர் நினைத்துவிட்டால் அவருக்கு ஓர் உண்மையும் கிடைக்காது. ஆகையால் அந்த வேலைக்கு அறிவுக்கூர்மை வேண்டுமளவுக்குப் பணிவும் வேண்டும்.

இவ்வாறு காகிதத்தைக் குறைத்தும் வழியைச் சுருக்கியும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பழகிய பிறகு, இனிக் குறைக்க இயலாத எழுத்து வேலை இவ்வளவு என்ற எல்லை புலப்பட்டது. அந்த எல்லையை யந்திரம் ஒன்றினால் கடக்க முடியுமா என்ற எண்ணம் ஸிம்மன்ஸின் மனத்தில் நெடுநாளாக இருந்தது. 1947-ஆம் ஆண்டு டி. ஆர். தாம்ப்ஸன், ஆலிவர் ஸ்டாண்டிங்போர்டு என்ற இரு அதிகாரிகள், போருக்குப் பின் அமெரிக்காவில் காரியாலய முறைகள் எவ்வாறு முன்னேறியிருக்கின்றன என்று பார்த்து வர அனுப்பப்பட்டார்கள். காரியாலயங்களில் அவர்கள் கண்டது அவ்வளவாக வியப்பளிக்கவில்லை. ஆனால் பிரின்ஸ்டனில், எனியாக் என்ற மாபெரும் கணிப்பொறியோடு தொடர்புடைய ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற விஞ்ஞானியைச் சந்தித்தபோது, அவர்கள் தேடி வந்த பொருள் அவர்களுடைய சொந்த நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில், உருவாகிக்கொண்டிருப்பதாக அவர் தெரிவித்தார். அங்கே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் எட்ஸாக் என்ற கணிப்பொறியைக் கட்டிவந்தார். லயன்ஸ் நிர்வாக சபை அம்முயற்சிக்குச் சுமார் 3,000 பவுன் பொருளுதவி செய்ததோடு, தன் ஊழியர் ஒருவரையும் அங்கே அனுப்பியது. 1949 மே மாதத்தில் எட்ஸாக் தன் முதல் கணக்கைச் செய்து முடித்ததும், அதே அமைப்பைத் தழுவித் தானே ஒன்றைக் கட்டுவதென்று லயன்ஸ் துணிந்தது. ஜான் பிங்கர்ட்டன் என்ற இளம் பொறியியலறிஞர் அதற்குத் தலைமை தாங்கினார். 'லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபீஸ்' என்ற சொற்களின் முதலெழுத்துக்களால் அதற்கு லியோ என்று பெயர் வந்தது.

இங்கேதான் பகுப்பாய்வின் மதிப்பு முதன்முதலாக யந்திரத்தின் உடலிலேயே தெரிகிறது. கணித விஞ்ஞானிக்கு வேண்டிய கணிப்பொறி வேறு, காரியாலயத்துக்கு வேண்டியது வேறு. விஞ்ஞானி சில எண்களைக் கொடுத்துவிட்டு யந்திரத்தை மணிக்கணக்கில் கணக்கிடச் செய்து, ஒரு சிறிய விடையைப் பெற்றுக்கொண்டு போவார். காரியாலயத்திலோ ஆயிரக்கணக்கான விவரங்கள் உள்ளே போகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடக்கவேண்டிய கணிதம் பள்ளிச் சிறுவன் செய்யக்கூடிய கூட்டலும் பெருக்கலுமே. பிறகு ஆயிரக்கணக்கான வரிகள் அச்சாகி வெளியே வரவேண்டும். உள்ளே ஊட்டுவதும் வெளியே எடுப்பதும் தாமதமானால், நடுவிலிருக்கும் அதிவேக மூளை சும்மா காத்துக்கொண்டிருக்கும். இதை லயன்ஸ் அதிகாரிகள் முன்கூட்டியே கண்டுகொண்டதற்குக் காரணம், அவர்கள் மின்னணுவியல் நிபுணர்களாய் இருந்ததன்று. ஒரு சம்பளப் பட்டியலில் எத்தனை பதிவுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை கணக்கு என்று எண்ணிப் பழகியிருந்ததே. காந்த நாடாவைக் கொண்டு இந்த இடரைத் தீர்க்க முதலில் முயன்றனர். அம்முயற்சி பலிக்காமற் போகவே, துளை அட்டைகளும் காகித நாடாவும் ஒரே சமயத்தில் பல வழிகளில் விவரங்களை ஊட்டுமாறும், யந்திரம் ஒன்றைக் கணக்கிடும்போதே அடுத்தது வாசலில் வந்து காத்திருக்குமாறும் ஏற்பாடு செய்தனர்.

ஏறத்தாழ 6,000 வால்வுகளும், நினைவுக்கென்று ஐந்தடிக்கு மேல் நீளமுள்ள 64 பாதரசக் குழாய்களும் கொண்ட அந்த யந்திரத்தில், எந்த வால்வு எந்தக் கணத்தில் அணையும் என்று எவராலும் சொல்ல இயலாது. விஞ்ஞானியின் கணக்கு இன்று நின்றால் நாளை தொடரலாம். சம்பளமோ வெள்ளிக்கிழமை கையில் கிடைத்தே தீரவேண்டும். ஆதலால் வேலை தொடங்குமுன், மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியிறக்கி, பலவீனமான வால்வுகளை அப்போதே தோற்கவைத்துக் களைந்துவிடும் முறையைப் பிங்கர்ட்டன் குழுவினர் கையாண்டார்கள்.

பொறியியல் இவ்வாறிருக்க, யந்திரம் என்ன செய்யவேண்டும் என்று வகுக்கும் பொறுப்பு முறைமை ஆராய்ச்சிக் காரியாலயத்தின் தலைவராயிருந்த டேவிட் காமினரிடம் வந்தது. போருக்கு முன் பயிற்சியாளராகச் சேர்ந்து, வட ஆப்பிரிக்கப் போர்முனையில் ஒரு காலை இழந்து, திரும்பி வந்து அதே ஸ்தாபனத்தில் உழைத்தவர் அவர். தம்மிடம் வேலை செய்தவர்களின் திட்டங்களை வரிக்கு வரி பரிசோதிப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு பிரசித்தமானது. துளையிட்ட விவரம் இருமுறை சரிபார்க்கப்படவேண்டும். ஒவ்வொரு கட்டிலும் மொத்தம் ஒத்துவரவேண்டும். நடுவில் யந்திரம் நின்றுவிட்டால் முதலிலிருந்து தொடங்காமல், கடைசியாகச் சரியென்று தெரிந்த இடத்திலிருந்து தொடர வழி இருக்கவேண்டும். இவை அவர் குழுவின் சட்டங்கள். நல்ல குமாஸ்தா ஒருவர் கண்ணாலும் அனுபவத்தாலும் கண்டுகொள்ளும் தவறுகளை, கண்ணில்லாத யந்திரம் எவ்வாறு கண்டுகொள்ளும் என்று யோசித்து எழுதவேண்டியிருந்தபடியால், அதுவரை எவரும் ஏட்டில் எழுதிவைக்காத குமாஸ்தாவின் விவேகம் முழுவதையும் முதன்முறையாக எழுத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

முதல் வேலை சிறியது. அடுமனைகளில் அந்த வாரம் தயாரான ரொட்டி, கேக், பணியாரங்களின் மதிப்பைக் கணக்கிடுவதே அது. 1951 செப்டம்பரில் அதைச் சோதனையாக ஓட்டிப் பார்த்து, நவம்பர் இறுதியில் முழுவதும் லியோவிடமே ஒப்படைத்துவிட்டார்கள். உலகில் கணிப்பொறி ஒன்று வாடிக்கையாகச் செய்த முதல் வியாபார வேலை என்று சரித்திரம் குறிப்பது, ஆக, பணியாரக் கணக்கைத்தான்.

அடுத்தது சம்பளப் பட்டியல். பிரிட்டனில் 1944 முதல் ஊழியரின் வருமான வரியை வாராவாரம் முதலாளியே பிடித்தம் செய்து கட்டவேண்டும் என்ற ஏற்பாடு வந்திருந்தது. அந்த வரி ஆண்டின் தொடக்கம் முதல் சேர்ந்துவந்த மொத்தத்தைப் பொறுத்தது. அதாவது, சென்ற வாரக் கணக்கு தவறினால் இந்த வாரக் கணக்கும் தவறும். அனுபவமுள்ள ஒரு குமாஸ்தாவுக்கு ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிஷம் ஆயிற்று. லியோவுக்கு ஒன்றரை விநாடி. இந்த ஒப்பீட்டை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அதைவிட அரியதாகத் தோன்றுவது, அந்த ஒன்றரை விநாடியை நம்புவதற்குமுன் அவர்கள் காத்த பொறுமையே. பழைய முறையும் புதிய முறையும் வாரக்கணக்கில் ஒருங்கே நடந்து, இரண்டின் விடைகளும் ஒத்துவந்த பிறகே, 1954-இன் தொடக்கத்தில், பழையதை நிறுத்தினார்கள்.

இனி, என் கருத்தில் இந்த வரலாற்றின் சிகரமாக விளங்கும் தேநீர்க் கடை ஆர்டர் விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு கடையிலும் நிர்வாகியாக ஓர் அம்மையார் இருந்தார். அடுத்த நாளுக்கு வேண்டிய ரொட்டி எத்தனை, பன் எத்தனை, இன்ன கேக் எத்தனை, இன்ன பண்டம் எத்தனை என்று பெரிய பெரிய பட்டியல்களை அவர் நாள்தோறும் நிரப்பி அனுப்பவேண்டும். கடையில் கூட்டம் மிகுந்திருக்கும் நேரத்தில், பரிமாறும் பெண்களைக் கவனிப்பதை விட்டுவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து எழுதவேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்கள் தலைமையகம் சேர்ந்ததும் பண்டவாரியாகப் பிரித்துக் கூட்டப்பட்டு, அடுமனைக்கு உத்தரவாகவும், சரக்குக் கட்டுமிடத்துக்குச் சீட்டாகவும், கணக்குப் பிரிவுக்குப் பற்றாகவும் மாறின.

இந்த வேலையை அப்படியே யந்திரத்தில் ஏற்றுவதென்றால், அத்தனை பட்டியல்களையும் நாள்தோறும் துளை அட்டைகளாக மாற்றவேண்டும். அதற்கு ஆகும் ஆட்களும் நேரமும் யந்திரத்தின் பயனையே இல்லாமற் செய்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் அவசரப்பட்டு அந்த வழியில் இறங்கவில்லை. பழைய பட்டியல்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். அப்போது தெரிந்த உண்மை, கடைக்குப் பொறுப்பான ஒவ்வொரு அம்மையாரும் தம்மளவில் அறிந்திருந்ததுதான்: சென்ற திங்கட்கிழமை அனுப்பிய பட்டியலும் இந்தத் திங்கட்கிழமைப் பட்டியலும் அநேகமாக ஒன்றே. சனிக்கிழமை ஒரு மாதிரி, புதன்கிழமை ஒரு மாதிரி என்ற வேறுபாடு உண்டு. ஆனால் புதனுக்குப் புதன் வேறுபாடு சொற்பம். அப்படியானால் அந்த அம்மையார் நாள்தோறும் எழுதியனுப்பியதில் பெரும்பகுதி, தலைமையகத்துக்கு முன்பே தெரிந்த செய்தி. தெரியாத செய்தி, மாறுதல் மட்டுமே.

இந்த ஒரு கருத்திலிருந்து முழு ஏற்பாடும் பிறந்தது. வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான ஆர்டர் வகுக்கப்பட்டு யந்திரத்தின் அட்டைகளில் பதிந்து வைக்கப்பட்டது. நாள்தோறும் குறித்த வேளையில் காட்பி ஹாலிலிருந்து கடைக்கு டெலிபோன் மணி அடிக்கும். நாளை அருகில் ஏதேனும் விழா உண்டா, வானிலை மாறும்போல் இருக்கிறதா, இன்று எந்தப் பண்டம் மீந்தது என்றெல்லாம் மனத்தில் எண்ணி வைத்திருக்கும் அம்மையார், 'இன்ன பன்னில் இரண்டு டஜன் கூட்டுங்கள், இன்ன கேக்கில் ஒரு டஜன் குறையுங்கள்' என்று மட்டும் சொல்வார். மறுமுனையில் காதுக்கருவியை அணிந்து அமர்ந்திருக்கும் பெண், அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளாமல், கேட்டபடியே அட்டையில் துளையிடுவார். சொல்லுக்கும் அட்டைக்கும் நடுவே இருந்த எழுத்து என்ற ஒரு படியே மறைந்துவிட்டது. பிறகு லியோ, நிலையான ஆர்டரையும் மாறுதலையும் சேர்த்து, அடுமனைகள் எவ்வளவு செய்யவேண்டும் என்ற மொத்தத்தையும், கடைவாரியாகச் சரக்குக் கட்டுவதற்கான சீட்டுக்களையும், கணக்குக்கான மதிப்பையும் ஒரே ஓட்டத்தில் அச்சிட்டுத் தந்தது. 1954-இல் இது நடைமுறைக்கு வந்தது.

இதில் யந்திரத்தின் பங்கு எவ்வளவு, சிந்தனையின் பங்கு எவ்வளவு என்று வாசகரே நிதானித்துக்கொள்ளலாம். மாறுதலை மட்டும் சொன்னால் போதும் என்ற கருத்து, யந்திரம் இல்லாமலேயே ஓரளவு பயன் தந்திருக்கும். ஆனால் அந்தக் கருத்து இல்லாமல் யந்திரம் ஒரு பயனும் தந்திராது. மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். கடைக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் கடையிலிருந்த அம்மையாரிடமிருந்து பறிக்கப்படவில்லை. சராசரியைக் கண்டவுடன், 'இனி நாங்களே அனுப்புகிறோம், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று தலைமையகம் உத்தரவிட்டிருக்க முடியும். எத்தனையோ ஸ்தாபனங்கள் அப்படித்தான் செய்கின்றன. அவ்வாறு செய்திருந்தால், தம் தெருவில் நாளை என்ன நடக்கும் என்ற அவருடைய அறிவு, அதாவது எந்த அட்டையிலும் துளையிட முடியாத ஒரே விவரம், வீணாகியிருக்கும். அவர் நிரப்பிய பட்டியலை நீக்கிவிட்டு அவருடைய விவேகத்தை வைத்துக்கொண்டார்கள். முறைமைப் பகுப்பாய்வு ஒரு கலையாக உயரும் இடம் இது என்று நான் நினைக்கிறேன்.

தேயிலைக் கலவை வேலையும் லியோவிடம் வந்தது. லண்டன் ஏலத்தில் வாங்கிய வெவ்வேறு தேயிலை வகைகளுள் எவை எந்தக் கிடங்கில் இருக்கின்றன, எந்தக் கலவைக்கு எவ்வளவு சென்றது, மீதி எவ்வளவு என்று தொடர்ந்து கணக்கு வைப்பது அது. லண்டன் ஏலத்துக்கு அக்காலத்தில் வந்த தேயிலையில் இலங்கை மலைநாட்டில் தமிழ்ப் பெண்கள் கொய்ததும் பெருமளவு உண்டு. கூடை நிறைத்த அந்தக் கைகளுக்குரிய கூலிக்கணக்கு தோட்டத்துச் செக்ரோல் என்ற பேரேட்டில் மையால் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதே இலை லண்டனில் பாதரசக் குழாய்களுக்குள் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைக்காமல் என்னால் இந்த வரலாற்றை எழுத முடியவில்லை.

எழுதிப் பிழைத்தவர்கள் கதி என்னாயிற்று என்ற கேள்வியும் நியாயமானது. போருக்குப் பிந்திய லண்டனில் குமாஸ்தா வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிதாயிருந்தது. வேலையிலிருந்த இளம் பெண்கள் பலர் மணமானதும் விலகினர். அந்தச் சூழ்நிலை லயன்ஸ் ஸ்தாபனத்துக்கு ஒரு பெரும் சௌகரியமாக அமைந்தது. அந்தச் சௌகரியம் இல்லாத இடத்தில் இதே ஆராய்ச்சி வேறு முகத்தோடு காட்சியளிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், புதிய வேலைகளுக்கு வேண்டியவர்களைப் பெரும்பாலும் தம் ஊழியர்களிலிருந்தே பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1952-இல் அவ்வாறு தேர்ச்சி பெற்று லியோவுக்குத் திட்டம் எழுத வந்த மேரி கூம்ஸ் அம்மையார், வியாபாரக் கணிப்பொறிக்குத் திட்டம் எழுதிய முதல் பெண்மணிகளுள் ஒருவர்.

தன் வேலையைச் செய்து கற்றதைப் பிறருக்கு விற்கவும் லயன்ஸ் முற்பட்டது. 1954 நவம்பரில் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்ற தனி நிறுவனம் ஏற்பட்டது. போர்டு மோட்டார் கம்பெனியின் டாகன்ஹாம் தொழிற்சாலைத் தொழிலாளரின் சம்பளக் கணக்கு லயன்ஸ் யந்திரத்தில் ஓடியது. பிறகு போர்டு தனக்கென்றே ஒரு லியோவை வாங்கிக்கொண்டது. ஆனால் யந்திரம் செய்து விற்கும் தொழில், ஒரு ரொட்டி வியாபாரியின் மூலதனத்துக்கு அடங்கியதன்று. 1963-இல் அந்தப் பிரிவு இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியோடு இணைந்தது. முதல் லியோவை 1965 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள்.

முறைமை ஆராய்ச்சி, நடக்கும் வேலையைச் சீராக நடத்த உதவும். எந்த வேலையை நடத்துவது, எவ்வளவு கடன் வாங்குவது என்பவற்றை அது தீர்மானிப்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் லயன்ஸ் அந்நிய நாணயங்களில் பெருங்கடன் வாங்கி வியாபாரத்தை விரித்தது. எண்ணெய் விலையேற்றமும் பவுனின் வீழ்ச்சியும் சேர்ந்து வந்தபோது அந்தக் கடன் தாங்கமுடியாத சுமையாயிற்று. 1978-இல் அந்த ஸ்தாபனம் ஒரு மதுபானத் தொழில் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஒரு பன்னின் கணக்கைப் பின்னம் வரை அறிந்திருந்த லயன்ஸின் முடிவு இது. லியோ குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை யந்திரங்களோ அதற்குப் பிறகும் மூன்றாண்டுகள், 1981 வரை, பிரிட்டிஷ் டெலிபோன் சந்தாதாரர்களுக்குப் பில் அச்சிட்டுக்கொண்டிருந்தன.